இருபத்தேழில் சத்தம் வரவில்லை

மாவ்லாய், ஷில்லாங்
3 மார்ச் 2002

அன்புள்ள பாஹ் ஷான்போர்,

குப்லேய். தேவ கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் விட்டதா? டெல்லிக் குளிருக்கு நம் குளிர் எவ்வளவோ தேவலை என்று எழுதியிருந்தாய், ஊரை விட்டுப் போனதும்தான் உனக்கு அது தெரிகிறது.

தெரோலின் அக்கா கடையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அங்கே நான் பேசினால், வெற்றிலை வாங்க வந்தவர்களும் கூடவே பேசுகிறார்கள். இது அவர்களுக்கான விஷயம் இல்லை.

நேற்று பெரியண்ணன் அறையைத் திறந்தேன். கிட்போக் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அவன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சுவரிலிருந்த அவன் படத்தைக் கழற்றிக் கம்பளிகளுக்கு அடியில் குப்புற வைத்திருக்கிறாள். பைபிள்மேல் கை வைத்து "இனி தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, நாலாவது மாதமே குடித்துவிட்டுத் திருவிழா மேடை ஏறினான் என்பது அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. அவன் செத்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வலி. எனக்குக் கோபமாகவும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வருகிற நவம்பர் திருவிழாவில், அதே மேடையில், அவன் பாதியில் விட்ட பாட்டை நான் வாசிக்கப் போகிறேன். கிடாரும், சத்தத்தை மாற்றுகிற அந்த மின்பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன. பிஸ்கட் டின்னில் நீ செய்துகொடுத்த, காலால் மிதிக்கிற இரண்டு சுவிட்சும் இருக்கின்றன. எதை எதில் சொருகுவது என்றுதான் தெரியவில்லை. எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை ஹுன்

முனிர்கா, டெல்லி
15 மார்ச் 2002

அன்புள்ள ஹுன்,

குப்லேய். நான் சுகம், இருமல் போய்விட்டது. கல்யாண சீசன் என்பதால் கம்பெனியில் ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி இடுப்புதான் போகிறது. அம்மாவுக்கு மூட்டுத் தைலம் அனுப்புகிறேன்.

நீ வாசிக்கப் போகிறாய் என்றதும் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் கிட்போக் உனக்குக் கிடாரில் மூன்று விரல்பிடி சொல்லிக்கொடுத்தான், நான்காவதுக்கு விரல் வலிக்கிறது என்று அழுதாய். சரி, வாசி.

கிடாரிலிருந்து வரும் கேபிள் பெட்டியின் வலப்பக்கத் துளையில். ஸ்பீக்கருக்குப் போவது இடப்பக்கம். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு சத்தம் சேமித்திருக்கிறது. பெட்டியிலேயே இருக்கும் மிதியை அழுத்தினால் அடுத்த எண்ணுக்குப் போகும். அது போதும் உனக்கு. வெளியே சொருகுகிற டின் சுவிட்ச் வேண்டாம், குழப்பம்தான். அதைத் தூக்கிப் போடு.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஷான்போர்

மாவ்லாய்
7 ஏப்ரல் 2002

அன்புள்ள பாஹ் ஷான்,

குப்லேய். இருவரும் சுகம். தைலம் வந்தது, அம்மா மூட்டுக்குப் பாதி, தெரோலின் அக்காவுக்குப் பாதி.

நான்காவது பிடியும் இப்போது வருகிறது என்று உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன வழி ஆகாது. பெட்டி மிதி ஒவ்வொரு எண்ணாகத்தான் ஏறும். பாட்டின் நடுவில் மூன்றிலிருந்து இருபத்தேழுக்கு ஒரே மிதியில் தாவ வேண்டும். நான் ஒவ்வொன்றாக மிதித்துப் போய்ச் சேருவதற்குள் திருவிழா முடிந்து கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அவன் அந்தத் தாவலுக்குத்தான் டின்னின் முதல் சுவிட்சை வைத்திருந்தான். அவன் நோட்டில் எழுதியிருக்கிறது. இரண்டாவது சுவிட்சுக்கு எதிரே "27ல் மட்டும், கடைசி" என்று இருக்கிறது. அது என்ன கடைசி?

இருபத்தேழு என்ன சத்தம் தெரியுமா! மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாற்போல் இருக்கிறது. கேட்டதும் அழுதுவிட்டேன். அம்மா சமையலறையில் கைவேலையை நிறுத்திவிட்டு நின்றாள், பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

டின் சுவிட்சை எப்படி மாட்டுவது என்று எழுது. தூக்கிப் போட மாட்டேன்.

ஹுன்

டெல்லி
2 மே 2002

அன்புள்ள ஹுன்,

குப்லேய். சுகம். பிடிவாதக்காரி.

டின் சுவிட்சின் கேபிளைப் பெட்டியின் பின்னால் ஓரத் துளையில் சொருகு. முதலில் கேபிள், அதன் பிறகுதான் கரண்ட். பெட்டி உயிர்பெறும்போது உன் கால் முதல் சுவிட்சின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டி அந்தச் சுவிட்சைத் தலைகீழாகக் கற்றுக்கொள்ளும். மிதித்ததை விட்டது என்றும், விட்டதை மிதித்தது என்றும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது சுவிட்ச் சத்தத்தை வெட்டுவதற்கு. மிதித்திருக்கும் வரை மௌனம். பாட்டின் கடைசிச் சுரத்தைச் சட்டென்று நிறுத்துவான், ஞாபகமிருக்கிறதா? "கூட்டம் மூச்சு விடுற சத்தம் கேக்கணும்டா" என்பான். அதற்காக இருபத்தேழில் மட்டும் வைத்தது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலை அதிகம்.

ஷான்போர்

மாவ்லாய்
26 மே 2002

அன்புள்ள பாஹ்,

குப்லேய். உடம்புக்கு ஒன்றுமில்லை, மழை தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் வியர்க்கிறது.

ஒரு விஷயம் நடக்கிறது, பயமாக இருக்கிறது. சிரிக்காதே.

நீ சொன்னபடியே மாட்டினேன். முதலில் கேபிள், பிறகு கரண்ட், காலைத் தள்ளியே வைத்திருந்தேன். ஒன்று முதல் இருபத்தாறு வரை எல்லாம் வருகிறது. இருபத்தேழுக்குப் போனதும் சத்தம் அடைத்துப்போகிறது. இரண்டாவது சுவிட்சை நான் தொடவே இல்லை. கம்பியைத் தட்டுகிறேன், விரலுக்கடியில் அதிர்கிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. இருபத்தெட்டுக்குப் போனால் மறுபடி வருகிறது. டின்னைக் கழற்றிவிட்டால் இருபத்தேழும் வருகிறது.

அந்த எண்ணில் மட்டும் யாரோ காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாற்போல் இருக்கிறது. பத்துத் தடவை பார்த்தேன். பதினோராவது தடவை குனிந்து டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், மிதி தானாகக் கீழே போகிறதா என்று. போகவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "அவனுக்குப் புடிக்கலன்னா விட்டுடேன்டி" என்றாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் "அவன்" என்றாள். நான் அவனைத் தொந்தரவு செய்கிறேனா, ஷான்?

சீக்கிரம் எழுது.

ஹுன்

மாவ்லாய்
14 ஜூலை 2002

அன்புள்ள பாஹ்,

குப்லேய். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா? தபால்காரரைப் பார்த்தால் நான் ஓடுவதைக் கண்டு, தெரோலின் அக்கா எனக்கு டெல்லியில் ஒரு பையன் இருப்பதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நான் தினமும் இருபத்தேழுக்குப் போய்ப் பார்க்கிறேன். தினமும் மௌனம். இப்போது பயம் போய்விட்டது. அறைக்குள் நுழையும்போது "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

போன வாரம் அக்காவிடம் அந்தச் சாயங்காலத்தைக் கேட்டேன். நான்தான் பரீட்சைக்கென்று கௌஹாத்தியில் இருந்தேனே, எதையும் பார்க்கவில்லை. அவள் முன்வரிசையில் இருந்தாளாம்.

"நல்லாத்தான் வாசிச்சுட்டு இருந்தான் ஹுன். நடுவுல ஒண்ணுமே வரல. கை மட்டும் ஓடுது. தரையில இருக்கிறத மிதி மிதின்னு மிதிக்கிறான். பசங்க சிரிச்சாங்க. சர்ச் மூப்பர் எழுந்து 'ஆரம்பிச்சுட்டான் மறுபடியும்'னு சத்தமா சொன்னாரு. உங்கண்ணன் ஷான்போர் பின்னால சவுண்ட் மேசையில இருந்தான் இல்ல, கிட்போக் அவனைத்தான் பாத்தான். அவன் ரெண்டு கையையும் விரிச்சு, எங்கிட்ட எல்லாம் சரியா இருக்குன்னு காட்டினான். அப்புறம் கிட்போக் கிடாரைக் கீழ வெச்சுட்டு இறங்கிப் போயிட்டான்."

அப்புறம் ஸ்கூட்டர், பனி, பராபானி சாலை வளைவு. அது எனக்குத் தெரியும்.

ஷான், இருபத்தேழில்தானே நின்றது? நீ மேசையில் இருந்தாய். நீ என்ன பார்த்தாய்? அவன்மேல் வாடை அடித்ததா?

ஹுன்

டெல்லி
20 ஆகஸ்ட் 2002

ஹுன்,

சுகம். பார்சலில் ஒரு புதுக் கேபிள் வைத்திருக்கிறேன். பெட்டிக்கும் டின்னுக்கும் நடுவில் இதைப் போடு. பழையதை எனக்கு அனுப்பிவிடு, இல்லையென்றால் அடுப்பில் போடு.

வேறு ஒன்றும் கேட்காதே.

ஷான்

மாவ்லாய்
22 செப்டம்பர் 2002

அன்புள்ள பாஹ் ஷான்போர்,

குப்லேய். அம்மாவும் நானும் சுகம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

புதுக் கேபிளைப் போட்டேன். இருபத்தேழு வந்தது. இரண்டாவது சுவிட்சை மிதித்தேன், வெட்டியது. விட்டேன், வந்தது. அவ்வளவுதான். அறையில் யாரும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. நாலு மாதம் நான் யாரிடம் "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

பிறகு இரண்டு கேபிளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் முனையில், சொருகுகிற பின்னில், இரண்டு கறுப்பு வளையம். பழையதில் ஒன்றுதான். கிடாரில் மாட்டுகிற சாதாரணக் கேபிளிலும் ஒன்றுதான். லைதும்க்ராவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் எடுத்துப் போனேன். பார்த்ததும் சொன்னார்: "ரெண்டு சுவிட்சுக்கு ரெண்டு வளையம் வேணும்மா. ஒத்த வளையத்தைச் சொருகினா, உள்ளாற ரெண்டாவது சுவிட்ச் எப்பவும் மிதிச்ச மாதிரியே இருக்கும். யாரு காலும் வேணாம்."

பழைய பின்னின் கழுத்தில் பச்சை டேப் சுற்றியிருக்கிறது, மூன்று சுற்று. நீ பற்றவைத்த கேபிள் எல்லாவற்றிலும் பச்சை டேப் மூன்று சுற்று இருக்கும். புதியதிலும் இருக்கிறது. டெல்லிக்குப் போயும் நீ அதை விடவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. திருவிழா நவம்பர் 23. அதற்குள் உன் கடிதம் வரும் என்று நம்புகிறேன். நீ அனுப்பச் சொன்ன பழைய கேபிளை நான் அனுப்பவும் மாட்டேன், எரிக்கவும் மாட்டேன்.

ஹுன்

டெல்லி
3 நவம்பர் 2002

என் அன்பு ஹுன்,

குப்லேய். சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

அவனுடைய கேபிளில் இரண்டு வளையப் பின்தான் இருந்தது. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் அதை நான்தான் வெட்டினேன். என் ஹெட்போனில் பின் உடைந்துவிட்டது, பாட்டுக் கேட்க வேண்டியிருந்தது. வேறு வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். போலீஸ் பஜாரில் கிடைக்கவில்லை. திருவிழா அன்று மத்தியானம் கையிலிருந்த ஒற்றை வளையப் பின்னைப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"ஓடுமா?" என்று கேட்டான்.

"ஓடும்" என்றேன். முதல் சுவிட்சை மட்டும் மிதித்துப் பார்த்தேன், ஓடியது. இருபத்தேழில் இரண்டாவதை வைத்திருக்கிறான் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

மேடையில் சத்தம் போனதும் பத்து விநாடிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அந்தக் கேபிளைப் பிடுங்கியிருந்தால் போதும். ஆனால் அத்தனை தலையும் சவுண்ட் மேசைப் பக்கம் திரும்பிவிட்டன. மூப்பர் முறைத்தார். என் கைகள் தானாக விரிந்தன. விரித்ததும் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பிவிட்டன. எனக்கு அப்பாடா என்று இருந்தது, ஹுன். அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மேடை ஏறுவதற்கு முன்னால் என் டம்ளரிலிருந்துதான் டீ குடித்தான். அவன் வாயில் டீயைத் தவிர ஒரு வாடையும் இல்லை.

இங்கே எந்தக் கல்யாணத்திலாவது பாட்டு நடுவில் நின்றால் நான் ஓடிப்போய்க் கையில் கிடைத்த கேபிளையெல்லாம் பிடுங்கிவிடுகிறேன். முதலாளி என்னைக் கிடார்க்காரர்கள் பக்கம் விடுவதையே நிறுத்திவிட்டார்.

அம்மாவிடம் சொல். மேடையிலேயே என் பெயரைச் சொல்லி, ஊருக்கும் சொல். அதன் பிறகு அந்த வீட்டுப்பக்கம் வர எனக்கு முகமில்லை.

ஷான்போர்

மாவ்லாய்
24 நவம்பர் 2002, ஞாயிறு

அன்புள்ள பாஹ் ஷான்,

குப்லேய். நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு நாள் திட்டினேன். ஒரு ஹெட்போனுக்காகவா என்று அவன் அறையில் உட்கார்ந்து கத்தினேன். அதெல்லாம் முடிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நேற்று அம்மா வர மாட்டேன் என்றாள். "எனக்குக் கை நடுங்குதும்மா, நீ இல்லன்னா விழுந்துடுவேன்" என்றேன். அதில் பாதி நிஜம். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில், தெரோலின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூப்பரும் அங்கேதான் இருந்தார்.

நான் பழைய கேபிளைத்தான் மாட்டினேன்.

மூன்றாம் எண்ணில் பாட்டு நன்றாகவே போனது. அந்த இடம் வந்தது. மிதித்தேன், இருபத்தேழுக்குத் தாவியது, சத்தம் போனது. நான் நிறுத்தவில்லை, வெறும் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஷான். போன வருஷத்து இடம் இதுதான் என்று கூட்டத்துக்கு மெதுவாகப் புரிந்தது. காற்றில் கொட்டகைத் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

மைக்கில் சொன்னேன்: "காலையில இருந்து நான் டீ மட்டும்தான் குடிச்சிருக்கேன். சந்தேகம்னா மூப்பர் மேல வந்து மோந்து பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. குனிந்து பழைய கேபிளைக் கழற்றி, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். "என் அண்ணன் கிட்போக்லாங் குடிக்கல. இந்த ஒயர் தப்பு. அவ்வளவுதான்" என்றேன். புதியதைச் சொருகினேன். விட்ட இடத்திலிருந்து இருபத்தேழில் வாசித்தேன். கடைசிச் சுரத்தில் இரண்டாவது சுவிட்சை மிதித்து வெட்டினேன். அவன் சொன்னது சரி, கூட்டம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அந்த மௌனத்துக்குள் அம்மா "கிட்போக்" என்று கூப்பிட்டாள். மேடையைப் பார்த்து, அவன் அங்கே நிற்கிறாற்போல், ஊரே கேட்கக் கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டாள். தொண்டை கட்டியது அதில்தான்.

உன் பெயரை நான் மேடையில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கேபிளைக் கையில் வாங்கினாள். பச்சை டேப்பை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா, வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒயரிலும் அதே டேப்தானே சுற்றி வைத்திருக்கிறாய். நான் உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். கை விரித்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடத்தை நான் விழுங்கவில்லை, உனக்காகக்கூட.

பிறகு எழுந்து கம்பளிக்கடியிலிருந்து கிட்போக் படத்தை எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தன் சத்தம் வராம நின்னப்ப, என்னன்னு ஒரு வார்த்தை நானும் கேக்கல. இன்னொருத்தனும் ஒரு வருஷமா சத்தமே இல்லாமதான் நிக்கிறான். வரச் சொல்லு."

பழைய கேபிள் மேசைமேல் இருக்கிறது. அந்தப் பின்னை வேறு யாரையும் மாற்ற விட மாட்டாளாம். வரும்போது இரண்டு வளையம் உள்ள பின்னாகப் பார்த்து வாங்கி வா. பற்றவைக்கும் கோல் உன் அலமாரியில்தான் இருக்கிறது.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
ஹுன்